இன்ஜினில் ஆயில் கசடு: கண்டறிவதும் பதறாமல் அகற்றுவதும்

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கையில் அதன் அடிப்பக்கத்தில் கறுத்துத் தடித்த பிசுக்கு அப்பிக்கிடந்தால், கடையில் கிடைக்கும் ஃப்ளஷ் பாட்டில் ஒன்றை ஊற்றிக் கழுவிவிடலாம் என்றுதான் கார் வைத்திருப்பவருக்கு முதலில் தோன்றும். அந்த அவசரம் ஆபத்தானது. ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த கசடு ஒரேயடியாகப் பெயர்ந்தால், அது ஆயிலோடு வழிந்து, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பருக்கு வந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் சல்லடையை அடைத்துக்கொள்ளும். பம்ப்புக்கு ஆயில் கிடைக்காமல் போனால் பேரிங்குகள் வெகு சீக்கிரத்தில் உரசித் தேய்ந்துவிடும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை முழுவதுமாகக் கழற்ற வேண்டி வரும். ஆகவே, கசடு எவ்வளவு இருக்கிறது, எதனால் வந்தது என்ற இரண்டையும் அறிந்துகொண்ட பிறகே அதன்மீது கைவைக்க வேண்டும். இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் பெட்ரோல் கார்களுக்கானவை. டீசலுக்கு மாறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

கசடு உருவாகும் விதம்

எரியறையில் எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, இன்ஜினின் கீழ்ப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அதில் நீராவி, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள், கரித்துகள் ஆகியவை இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியேறினாலும் மிச்சம் ஆயிலை வந்தடைகிறது. இன்ஜின் முழுச் சூட்டில் சிறிது நேரம் ஓடினால் இந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகி, கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வின் வழியாக, இன்ஜினுக்குக் காற்று செல்லும் இன்டேக்கிற்குள் இழுக்கப்பட்டு மறுபடியும் எரிந்துவிடும். சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் அவை ஆயிலிலேயே தங்கி, அழுக்கைக் கரைத்து வைத்திருப்பதற்காக அதில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருட்களைத் தீர்த்துவிடும். அதன் பிறகு அழுக்கு ஒன்றோடொன்று திரண்டு, ஆயில் மெதுவாக ஓடும் மூலைகளில் படியத் தொடங்கும். இதற்கு நேரெதிரான வழியும் உண்டு. மிகையான வெப்பத்தில் நெடுநாள் ஓடிய ஆயில், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தானே கெட்டிப்படுகிறது. டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜின்களில் டர்போவுக்குச் செல்லும் மெல்லிய ஆயில் குழாய் கரிந்து அடைபடுவது இந்த வகையைச் சேர்ந்தது.

வருடம் முழுவதும் வெயிலடிக்கும் ஊரில் இன்ஜின் சூடேறாமல் இருக்குமா என்ற ஐயம் எழலாம். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்றால் கூலன்ட் சூடாகிவிட்டது என்று மட்டுமே பொருள்; ஆயில் அந்த நிலைக்கு வர அதற்கு மேலும் பல நிமிடங்கள் பிடிக்கும். பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், காய்கறி வாங்க ஒன்றரைக் கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடும் கார், சென்னையில் இருந்தாலும் ஆயிலின் கணக்கில் குளிரில் ஓடும் கார்தான். ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத, ‘ஒரே ஓனர், குறைந்த ஓட்டம்’ என்று விளம்பரப்படுத்தப்படும் பழைய கார்களின் டாப்பட் கவருக்கு (இன்ஜினின் மேல்மூடி) அடியில் கசடு காணப்படுவதற்கு இதுவே காரணம். மீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கு முன் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

கசடு என்றாலே உரிமையாளரின் அலட்சியம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 1997 முதல் 2002 வரையிலான மாடல்களில் 5எஸ்-எஃப்இ நான்கு சிலிண்டர் இன்ஜினோ 1எம்இசட்-எஃப்இ வி6 இன்ஜினோ பொருத்தப்பட்ட ஏறத்தாழ 33 லட்சம் டொயோட்டா, லெக்சஸ் கார்களுக்கு, கசடால் ஏற்படும் சேதத்தின் செலவை முதல் விற்பனையிலிருந்து எட்டு ஆண்டுகள் வரை ஏற்றுக்கொள்வதாக டொயோட்டா 2002-இல் அமெரிக்காவில் அறிவிக்க வேண்டியிருந்தது. சாப் நிறுவனம் தன் 9-5 கார்களில் கிராங்க்கேஸ் காற்றோட்டக் குழாய்களைப் பலமுறை திருத்தியமைத்தது. வடிவமைப்பு இடம் கொடுத்தால், ஒழுங்காக ஆயில் மாற்றும் வண்டியிலும் கசடு சேரும். அத்தகைய இன்ஜினுக்கு ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைப்பது ஒன்றே நம் கையில் உள்ள மருந்து.

எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது

இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல கார்களில் துளைக்கு நேர் கீழே ஒரு தடுப்புத் தகடு இருப்பதால் கண்ணுக்கு அதிகம் எட்டாது. கைப்பேசியோடு இணைக்கக்கூடிய மெல்லிய போர்ஸ்கோப் கேமரா கிடைத்தால் கேம் ஷாஃப்ட் வரை பார்க்கலாம். அடுத்து, ஒரு மெல்லிய மரக்குச்சியின் முனையால் எட்டும் பரப்பைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பொன்னிறமோ பழுப்போ கொண்ட, துடைத்தாலும் போகாத மெல்லிய படலம் மட்டும் இருந்தால் அது வார்னிஷ். அதனால் உடனடித் தொல்லை ஏதுமில்லை, விட்டுவிடலாம். குச்சியில் மை தீட்டியதுபோல் இழுபடும் மென்மையான கருமை, தொடக்க நிலைக் கசடு. பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, விரலிடுக்கில் தேய்த்தால் நறநறக்கும் கட்டிகள் இருந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று கொள்ளலாம்.

மூடியின் அடியில் பால் விட்ட காப்பியின் நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் அது வேறு கதை. ஆயிலில் நீர் கலந்திருக்கிறது. மூடியில் மட்டும் இருந்து, துடைத்துவிட்டு முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிய பின் மீண்டும் வரவில்லை என்றால் அது வெறும் ஈரம்தான். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டிலோ ஆயில் கூலரிலோ கசிவு இருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்ப்பதும் பயன் தரும். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் இன்ஜெக்டர் ஏதோ ஒழுகக்கூடும். டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டருக்குள் கறுத்துவிடுவது இயல்பு. அந்தக் கருமையைக் கசடு என்று எண்ணி எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆயிலை வடிக்கும்போது கிடைக்கும் தகவலையும் வீணாக்கக் கூடாது. சூடான ஆயில், டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் சீராகக் கொட்ட வேண்டும். விட்டு விட்டு வழிந்தாலோ, கம்பியால் குத்தினால் கட்டி தட்டுப்பட்டாலோ சேம்பரின் அடியில் வண்டல் தேங்கியிருக்கிறது. பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாமல், அதன் தகரக் கூட்டை வெட்டி, உள்ளிருக்கும் காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். மடிப்புகளுக்கிடையே கரும் பொடி நிறைந்திருந்தால் கசடு இப்போதும் பெயர்ந்துகொண்டிருக்கிறது. வெயிலில் பிடிக்கையில் மினுமினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால், கழுவிச் சரிசெய்யும் கட்டத்தை இன்ஜின் தாண்டிவிட்டது. பேரிங்கைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

சூடான நிலையில் ஐடிலிங்கில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கினால், அக்கணமே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். பெட்ரோல் பங்க் வரை, ஒர்க்‌ஷாப் வரை என்று மெதுவாக ஓட்டிச் செல்வதில் பயனில்லை. கட்டி இழுத்துச் செல்லுங்கள். ஆயில் மட்டம் சரியாக இருந்தும் விளக்கு மினுக்கினால், பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அளவுமானியைப் பொருத்தி அழுத்தத்தை அளந்து, அந்த இன்ஜினின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால்தான் கோளாறு சுவிட்சிலா, ஸ்ட்ரெய்னரிலா என்பது தெளிவாகும்.

காரணத்தை முதலில் அடைப்பது

தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம் ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. வண்டி ஓவர் ஹீட் ஆகிறது என்று சொன்னால், கூலன்ட் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ‘நம்ம ஊருக்கு இது தேவையே இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜினில் கூலன்ட் தொடக்கம் முதலே ரேடியேட்டருக்குள் சுற்றுவதால், இன்ஜின் தன் இயல்பான சூட்டுக்கு வெகு தாமதமாகவே வரும். கசடுக்கு அதைவிட ஏதுவான நிலை வேறில்லை. பழைய வண்டி வாங்கியிருந்தால், டெம்பரேச்சர் முள் நெடுஞ்சாலையில் கீழே இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால், தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அதைப் பொருத்தாமல் கசடை அகற்றுவது வீண் செலவு.

அடுத்தது பிசிவி வால்வும் பிரீதர் குழாயும். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைக் கழற்றி, துளையின்மேல் சற்றுத் தடித்த தாளை விரித்தால், பெரும்பாலான கார்களில் அது மெல்ல உள்நோக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் மேலே தள்ளப்பட்டுப் புகையும் வந்தால், ஒன்று வால்வு அடைபட்டிருக்கிறது, இல்லையென்றால் ரிங்குகள் தேய்ந்து வாயு அளவுக்கு மீறி இறங்குகிறது. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தால், பழைய வகை வால்வுகளில் உள்ளிருக்கும் ஊசி கடகடவென்று ஆடும் ஓசை கேட்கும். மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் பாகம் என்பதால் கழுவிக்கொண்டிராமல் புதியதாக மாற்றிவிடுங்கள். உப்பிப்போன, வெடித்த ரப்பர் குழாய்களையும் கூடவே மாற்றுங்கள்.

மூன்றாவது, ஆயிலேதான். கிரேடு சரியில்லாத ஆயில், திறந்த டின்னிலிருந்து அளந்து ஊற்றப்படும் ஆயில், புகழ்பெற்ற நிறுவனத்தின் பழைய கேனில் மறுபடி நிரப்பப்பட்ட போலி ஆயில் ஆகிய மூன்றும் நம் சந்தையில் உண்டு. முத்திரை உடையாத கேனை நீங்களே வாங்கிக் கொடுத்து, உங்கள் கண்முன் ஊற்றச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. காலியான கேனின் மூடியையும் லேபிளையும் கிழித்துவிட்டுத் தூக்கிப்போட்டால் அது மறுபடி நிரப்பப்படும் வழியும் அடைபடும்.

மெல்லக் கரைப்பது

கசடு மென்மையாக இருந்து, ஆயில் விளக்கு ஒழுங்காக அணைந்து, டாப்பட் சத்தம் எதுவும் இல்லையென்றால், கார் கையேடு சொல்லும் கிரேடில் நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப மாற்றுவதே பாதுகாப்பான வழி. புது ஆயிலில் உள்ள துப்புரவுப் பொருட்கள் கசடை மேற்பரப்பிலிருந்து சிறிது சிறிதாகக் கரைத்து எடுக்கும். கரைந்தது ஃபில்டரில் தங்கும். முதல் மாற்றத்தை ஆயிரம் கிலோமீட்டரிலும், அதற்கடுத்ததை இரண்டாயிரத்திலும், பிறகு மூவாயிரத்திலும் செய்து, ஒவ்வொரு முறையும் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். பொடி குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். இந்த இடைக்காலத்திற்கு மிக விலையுயர்ந்த முழு சிந்தெடிக் ஆயில் கட்டாயமில்லை. கையேடு கேட்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரமும் பாகுநிலையும் உள்ள அசல் ஆயில் போதும். ஃபில்டரில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சத்தம் அடங்கும் என்று மெல்லிய 0டபிள்யூ-20 ஆயிலைக் கேட்கும் இன்ஜினில் தடித்த 20டபிள்யூ-50 ஊற்றுவது, ஏற்கெனவே குறுகிப்போன துளைகளின் வழியே இன்னும் தடித்த ஆயிலைத் தள்ளச் சொல்வதாகும். வால்வு டைமிங்கை மாற்றியமைக்கும் விவிடி சாதனத்தின் சிறு சல்லடைகளும், டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் ஆயில் அழுத்த டென்ஷனரும் அதனால் முதலில் பாதிக்கப்படும்.

மண்ணெண்ணெயோ டீசலோ கால் லிட்டர் ஊற்றி ஐடிலிங்கில் ஓடவிட்டு வடிப்பது பழைய வழக்கம். அம்பாசடர் காலத்து இன்ஜினில் அதைச் செய்து தப்பித்தவர்கள் இருக்கலாம். ஆனால் ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் இடையே உள்ள மெல்லிய படலம் உடையும், கசடும் ஒரேயடியாகப் பெயரும். இரண்டும் சேர்ந்து நடப்பதுதான் இதில் உள்ள அபாயம். கடையில் விற்கும் ஃப்ளஷ் திரவங்கள் இதைவிடக் கட்டுப்பாடானவை என்றாலும், கசடு லேசாக இருக்கும் இன்ஜினுக்கு மட்டுமே பொருந்தும். பாட்டிலில் குறித்த நிமிடங்களுக்கு மேல் ஓடவிடாமல், அந்த நேரத்தில் வண்டியை நகர்த்தாமல், ரேஸ் கொடுக்காமல், உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். முற்றிய கசடு உள்ள இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்காமல் இருப்பதே மேல்.

திறந்து சுத்தம் செய்வது

கட்டிகள் தெரிந்தாலோ, அழுத்தம் குறைந்திருந்தாலோ, டாப்பட் கவரையும் ஆயில் சேம்பரையும் கழற்றிக் கையால் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. கருவிகளைக் கையாளத் தெரிந்தவர் டாப்பட் கவரை வீட்டிலேயே கழற்றலாம். சேம்பரை இறக்குவது, சில கார்களில் எக்ஸாஸ்ட் குழாயையோ கிராஸ் மெம்பரையோ கழற்ற வேண்டியிருப்பதால், பழகிய மெக்கானிக்கிடம் விட வேண்டிய வேலை. எவர் செய்தாலும் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு, வண்டியை ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தியே கீழே இறங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்து உயிரைவிட்டவர்கள் உண்டு.

டாப்பட் கவரைத் தூக்கியதும், ஹெட்டிலிருந்து ஆயில் கீழே திரும்பும் துளைகளையும் டைமிங் செயின் இறங்கும் பள்ளத்தையும் முதலில் துணியால் அடைத்துவிடுங்கள். சுரண்டும்போது உதிரும் ஒவ்வொரு பொருக்கும் அங்கேதான் விழப்பார்க்கும். எத்தனை துணி செருகப்பட்டது என்று எண்ணி வைத்துக்கொள்வது, மூடும்போது ஒன்றை உள்ளேயே மறந்துவிடாமல் காக்கும். அந்தத் துணி பனியன் வேஸ்ட்டாக இருக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்களில் கை துடைக்க வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டின் பிரிந்த நூல்கள் கேம் பேரிங் மூடிகளின் விளிம்பில் சிக்கி, ஆயிலோடு இறங்கி, ஸ்ட்ரெய்னரில் சுருண்டுகொள்ளும். கசடை எடுத்துவிட்டு நூலை உள்ளே விட்டதாக முடியும். நூல் பிரியாத, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே இதற்கு ஏற்றது.

அலுமினியப் பரப்பில் இரும்புச் சுரண்டி கோடு போட்டுவிடும் என்பதால், மூங்கில் குச்சி அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் கட்டிகளைப் பெயர்த்து, உடனுக்குடன் வேக்குவம் குழாயால் உறிஞ்சி எடுங்கள். கம்பி பிரஷ்ஷைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. அதிலிருந்து உதிரும் ஒரு கம்பி இழை போதும், ஒரு பேரிங்கைப் பதம்பார்க்க. ஆயில் திரும்பும் துளைகள் ஒவ்வொன்றிலும் சிறிது புது ஆயிலை ஊற்றி, அது தடையின்றிக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது அவசியம். கழற்றிய டாப்பட் கவரை வெளியே வைத்து டீகிரீசரில் ஊறவைத்துக் கழுவலாம். அதன் உட்புறத்தில் ரிவிட் அடித்த தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் தேங்கும் கசடுதான் பிசிவி வழியை அடைப்பது என்பதால், அங்கிருந்து தெளிந்த திரவம் வரும்வரை கழுவி முழுவதுமாக உலர்த்த வேண்டும்.

சேம்பரை இறக்கினால் ஸ்ட்ரெய்னர் நேரே கண்ணில் படும். சல்லடையில் பாதிக்கு மேல் மூடியிருந்தால், அதுவரை இன்ஜின் பிழைத்ததே அதிர்ஷ்டம். அதைக் கழற்றி ஊறவைத்து, பின்பக்கத்திலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். குழாய்க்குள் கட்டி இறங்கியிருந்தால் புதியதைப் போடுவதே நலம். அதன் ஓ-ரிங்கைக் கட்டாயம் மாற்றுங்கள். பழைய ஓ-ரிங் காற்றை இழுத்தால் ஸ்ட்ரெய்னர் எவ்வளவு சுத்தமாக இருந்தும் அழுத்தம் ஏறாது. மூடும்போது சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பிதுக்குவது நம் மெக்கானிக்குகளிடம் உள்ள இன்னொரு பழக்கம். வெளியே பிதுங்குவது அசிங்கம் மட்டுமே. உள்ளே பிதுங்குவது உலர்ந்து உதிர்ந்து, அதே சல்லடைக்கு மறுபடி தீனியாகும். கையேடு சொல்லும் தடிமனில் ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உட்புறமாகப் போட்டால் போதும்.

மூடிய பிறகு உடனே ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, செல்ஃபைச் சில விநாடிகள் அடித்து, இடைவெளி விட்டு மறுபடி அடியுங்கள். ஆயில் குழாய்களெல்லாம் நிரம்பி, விளக்கு அணைந்த பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். தொடக்கத்தில் டாப்பட் சத்தம் கேட்டு ஓரிரு நிமிடங்களில் அடங்கினால் கவலையில்லை. விளக்கு சில விநாடிகளில் அணையாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பத்து நிமிடம் ஓடவிட்டு, கசிவைப் பார்த்து, ஆயில் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். கைக்கு எட்டாத மூலைகளில் மிச்சமிருக்கும் கசடு இப்போது பெயரத் தொடங்கும் என்பதால், இந்த ஆயிலை ஐந்நூறு கிலோமீட்டருக்குள் ஃபில்டரோடு மாற்றிவிட்டு, அதன்பின் மேலே சொன்ன குறுகிய இடைவெளிகளைப் பின்பற்றுங்கள். ஆயில் ரிங்கின் துளைகள் கசடால் அடைபட்டு, வண்டி ஆயில் குடித்துக்கொண்டிருந்தால், அது உடனே நிற்காது. சில மாற்றங்களுக்குப் பிறகு குறையலாம், குறையாமலும் போகலாம்.

அதன் பிறகு

இந்தியாவில் பல பெட்ரோல் கார்களின் கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதில் ஆயில் மாற்றச் சொல்கிறது. அதே கையேட்டில் கடின உபயோகத்துக்கான அட்டவணை ஒன்று தனியே இருக்கும்; குறுந்தூரப் பயணம், நெரிசலில் நெடுநேர ஐடிலிங், புழுதிச் சாலை ஆகியவை அதில் அடங்கும். நகரத்துக்குள் மட்டுமே ஓடும் காருக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். ஒருமுறை கசடு கண்ட இன்ஜினுக்கு அதுவே மேல் வரம்பு. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது இடையில் நிறுத்தாமல் புறவழிச் சாலையில் ஓட்டிவந்தால் ஆயிலில் சேர்ந்த நீரும் பெட்ரோலும் வெளியேறும். வீட்டு வாசலில் நிறுத்தியபடி பத்து நிமிடம் ஓடவிடுவது அதற்கு ஈடாகாது. ஆயில் சூடேறாமலே நின்றுவிடுவதால் ஈரத்தைக் கூட்டவே செய்யும். டர்போ வண்டியை மலைப்பாதை ஏறியோ வேகமாக ஓட்டியோ வந்து நிறுத்தும்போது, ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டபின் அணையுங்கள்.

இத்தனை முறை ஆயில் மாற்றினால் வீட்டில் கறுப்பு ஆயில் கேன் கேனாகச் சேரும். கழிவு ஆயில், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. சாக்கடையில் ஊற்றுவதும், கரையான் மருந்தாக மரத்தில் பூசுவதும், செங்கல் சூளைக்கு எரிக்கக் கொடுப்பதும் தவறு. கூலன்ட், பெட்ரோல், டீகிரீசர் எதையும் அதில் கலக்காமல் தனியாக மூடிவைத்து, கழிவு ஆயிலை உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரிடம் ஒப்படையுங்கள். வெட்டிப் பார்த்த ஃபில்டரை ஒரு நாள் கவிழ்த்து வைத்து, வடிந்த ஆயிலையும் அதே கேனில் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.